'மகிழ்' பாதிப் பெயரா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கங்களில் இப்போது பிள்ளைகள் சிலருக்கு 'மகிழ்' என்று மட்டும் பெயரிடுகிறார்கள். ஆணுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான். 'மகிழன்' என்றோ 'மகிழினி' என்றோ முடிக்காமல் ஏன் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் என்று பெயர் சூட்டும் வீட்டிலேயே பெரியவர்கள் கேட்கிறார்கள். எங்கள் பேத்திக்கும் இந்தப் பெயர்தான். இது நேற்று முளைத்த அரைகுறைப் பெயர் என்ற எண்ணம் தவறானது என்பதை உங்கள் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

'மகிழ்' என்பது வினையின் முதனிலை, அதாவது வேர்ச்சொல். அது விகுதி ஏதும் பெறாமல் பெயர்ச்சொல்லாகவும் நிற்கும். இலக்கணத்தில் இதை முதனிலைத் தொழிற்பெயர் என்பார்கள். 'உண்டார்கண் அல்லது அடுநறாக் காமம்போல் கண்டார் மகிழ்செய்தல் இன்று' என்னும் 1090ஆம் குறளில் 'மகிழ்' அப்படித்தான் நிற்கிறது. அங்கே அதன் பொருள் கள் தரும் களிப்பு. நம் வட ஆர்க்காட்டு மண்ணில் பிறந்த மு.வரதராசனார் தம் தெளிவுரையில் அதை 'மயக்கம்' என்றே எழுதுகிறார். திருக்கோவலூர் மலையமானைப் பாடும் கபிலரும், காலையிலேயே கள்ளுண்டு நாளோலக்கத்தில் (காலை அரசவையில்) மகிழ்ந்திருப்பவன் தேரை வாரி வழங்குவது எவர்க்கும் எளிது, மலையன் கொடுத்ததோ அவ்வாறு மகிழாமல் தெளிந்த நிலையில் கொடுத்தது என்று புறநானூற்றில் (123) வியக்கிறார். குழந்தைக்கு இந்தப் பொருளா என்று எவரும் தயங்க வேண்டியதில்லை. கள்ளின் களிப்பைச் சுட்டிய சொல் நாளடைவில் மன நிறைவின் களிப்பையே குறிப்பதாகிவிட்டது. இன்று அதைக் கேட்பவர் எவருக்கும் கள் நினைவுக்கு வருவதில்லை.

மகிழ் மரத்தின் பெயருமாகும். மகிழம்பூ மாலை அணிந்தவர் என்பதால் நம்மாழ்வாருக்கு மகிழ்மாறன் என்று ஒரு பெயர் உண்டு. 1989 வரை நம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த திருவண்ணாமலையில் அண்ணாமலையார் கோயிலின் தலமரமும் மகிழமே. வாடிய பின்னும் மணம் குன்றாத அந்தப் பூவை மனத்தில் கொண்டு பெயர் வைத்த பெற்றோரையும் நான் அறிவேன்.

இனி, ஆணா பெண்ணா என்று தெரியவில்லையே என்னும் குறை. பெயரிலேயே பால் தெரிந்தாக வேண்டும் என்று தமிழ் எக்காலத்திலும் கட்டளையிட்டதில்லை. இயற்பெயர்களை வகுக்கும் தொல்காப்பியர் பெண்மைப் பெயர், ஆண்மைப் பெயர் என்று நிறுத்திக்கொள்ளாமல், ஒருமை சுட்டும் பெயர் என ஒரு வகையையும் வைத்து, அது ஒன்றற்கும் ஒருவர்க்கும், அதாவது அஃறிணை ஒன்றுக்கும் ஆண் பெண் இருவருள் எவர்க்கும், பொது என்கிறார். உரைகாரர்கள் அதற்குக் காட்டும் பெயர் கோதை. கோதை வந்தான், கோதை வந்தாள் என்று இரண்டும் சொல்லலாம். சேர வேந்தர்களும் கோதை என்ற பெயர் தாங்கினார்கள், ஆண்டாளும் கோதைதான். நம் மொழியில் பாலைக் காட்டும் வேலையை வினைமுற்று செய்துவிடுகிறது. 'மகிழ் வந்தாள்' என்றவுடன் ஐயம் தீர்ந்துபோகிறது. இதை எங்கள் தெருக்களில் படிக்காதவர்களும் அறிவார்கள்: மணி, முத்து, தங்கம் என்ற பெயர்களில் ஆண்களும் இருக்கிறார்கள், பெண்களும் இருக்கிறார்கள், அவற்றை எவரும் பாதிப் பெயர் என்று சொன்னதில்லை. மகிழன், மகிழினி என்ற பெயர்களும் அழகானவையே, விரும்புவோர் வைக்கட்டும். ஆனால் விகுதி இல்லாததைக் குறை என்று சொல்ல இலக்கணத்தில் இடமில்லை.

என் கவலையெல்லாம் பெயர் பதியும் இடத்தைப் பற்றியது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பெயரின்றிப் பதிவான பிறப்புக்குப் பின்னர் பெயரைச் சேர்க்கலாம். 12 மாதங்களுக்குள் என்றால் கட்டணமில்லை, அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். ஒருமுறை பதிந்ததை மாற்றுவதோ எளிதன்று. ஆகவே பெற்றோர் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் அப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். ழகரத்துக்கு ஒருவர் 'இசட் எச்' என்றும் இன்னொருவர் 'எல்' என்றும் எழுதினால், பள்ளிச் சான்றிதழும் ஆதாரும் கடவுச்சீட்டும் ஒத்துப்போகாமல் பிள்ளை வளர்ந்த பிறகு அலைய நேரும். 2020 ஜூன் மாதம் வேலூர் உள்ளிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை அரசு மாற்றி, அதே மாதத்தில் திரும்பப் பெற்றதை நாம் மறந்திருக்க முடியாது. ஊருக்கே இத்தனை சிக்கல் என்றால் ஒரு குழந்தையின் பெயருக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

பதிவு அலுவலகங்களில் இருப்போரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பெற்றோர் 'மகிழ்' என்று சொன்னால் 'மகிழ்' என்றே எழுதுங்கள். 'ன்' சேர்க்கட்டுமா, 'இனி' சேர்க்கட்டுமா என்று கேட்டு அவர்களைக் குழப்ப வேண்டாம். பாலினத்தைக் குறிக்கப் படிவத்தில் தனி இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.