விடுமுறை வேலைக்கும் கூலிச் சீட்டு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

செமஸ்டர் முடிந்ததும் திருப்பூரில் நாங்கள் வேலை தேடுவது, பனியன் கம்பெனி கேட்டில் தொங்கும் ‘செக்கிங், பேக்கிங்குக்கு ஆட்கள் தேவை’ அட்டையைப் பார்த்துத்தான். பெரிய ஏற்றுமதி நிறுவனங்களில் 18 வயதுக்குச் சான்றாக ஆதார் கேட்பார்கள். ஒரு மாதத்துக்கு மட்டும் என்றால் தயங்குவார்கள். மிச்சம், பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை முடித்துக் கொடுக்கும், சந்துக்குள் இருக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகள்.

வேலை ஒன்றும் மலையில்லை. பிசிறு வெட்டுவது, சைஸ் ஸ்டிக்கர் ஒட்டுவது, பாலி பேக்கில் போடுவது. ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் இரவு 8.30 ஆகும். சனிக்கிழமை சம்பளம். ஆனால் நான் போன இடத்தில் முதல் வாரக் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கல்லூரி திறந்து நான் வேலையை விட்டு நின்றதும், “அடுத்த சனிக்கிழமை வாம்மா” என்று அலைக்கழித்தார்கள். கூட வந்த தோழிகள் பஸ் காசுதான் தண்டம் என்று விட்டுவிட்டார்கள். நான் அம்மாவைக் கூட்டிப் போய் வாங்கினேன். (அம்மாவின் குரல் அப்படி!)

குறைந்தபட்சக் கூலி விதிகளில் மாணவர்களுக்கென்று விலக்கு கிடையாது. சேரும் நாளிலேயே கூலியும் ஷிப்ட் நேரமும் எழுதிய சீட்டைக் கொடுக்கிறார்களா என்று தொழிலாளர் துறை மே மாதத்தில் இந்தச் சந்துகளுக்குள்ளும் வந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி,
அவிநாசி.