உப்புநீர் மீன் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே அவரிடம் கட்டிவிட்டால் நல்லது. சென்னை கொளத்தூர்ப் பக்கம் பல வருடங்களாக நன்னீர் வண்ண மீன் வளர்த்துக் கை தேர்ந்த சிலர் இந்த ஆண்டு உப்புத் தண்ணீருக்கு மாறி நம்மோடு சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு சங்கத்தின் சார்பில் வரவேற்பு. இனி நான் சொல்லப்போவதில் பாதி அவர்களுக்காகத்தான்.

இந்த ஆண்டு உதவி கேட்டு வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை ஒட்டுண்ணி பற்றியவை. அதிலும் வெள்ளைப்புள்ளிதான் முதலிடம். டாங் வகை மீன் உடம்பில், அதுவும் பவுடர் ப்ளூ டாங் என்றால் கேட்கவே வேண்டாம், ரவை தூவினாற்போல் புள்ளி வரும். நன்னீரில் இதற்கு ஹீட்டரைக் கூட்டி, ஒரு கை கல்லுப்பைப் போட்டுப் பழகியவர்கள் இங்கேயும் சூட்டைக் கூட்டிப் பார்க்கிறார்கள். பலன் இருக்காது. புள்ளி பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உயிரி வேறு. நன்னீரில் வருவது இக்தியோஃப்திரியஸ், கடல்நீரில் வருவது கிரிப்டோகாரியான். உப்பிலேயே பிறந்து வளர்ந்த உயிரியை உப்பைக் காட்டி விரட்ட முடியாது.

அழைத்தவர்களில் பலர் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: “மருந்து ஊத்தினேன், நாலாம் நாள் புள்ளி போயிடுச்சு, ரெண்டு வாரம் கழிச்சு எல்லா மீனுக்கும் வந்துடுச்சு.” நாலாம் நாள் புள்ளி போனது மருந்தால் அல்ல. அந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் மூன்று முதல் ஏழு நாள் வரை இருந்து தின்றுவிட்டு, பெரும்பாலும் இருட்டு நேரத்தில், தானாகவே கழன்று விழுகிறது. விழுந்தது மணலிலும் கல்லிலும் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்கிறது. ஒரு கூட்டுக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் நீந்தி வரும். மூன்று நாளில் வெடிக்கும் கூடும் உண்டு, 72 நாள் வரை காத்திருந்து வெடித்ததாகவும் பதிவு உண்டு. வெளியே வந்தது ஓரிரு நாளுக்குள் மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும். அதன் பலவீனம் அந்த ஒன்றுதான். அதனால்தான் நோய் வந்த தொட்டியை 76 நாள் மீனே இல்லாமல் ஓடவிடச் சொல்கிறோம். “மீன் இல்லாத தொட்டிக்கு யார் கரண்ட் பில் கட்டுவது” என்று வீட்டில் கேட்பார்கள்தான். ஆனாலும் 76 நாளைக் குறைக்காதீர்கள்.

அதுவரை மீன்கள் தனிமைத் தொட்டியில், அதாவது அவற்றைப் பிரித்து வைக்கும் தனித் தொட்டியில், இருக்க வேண்டும். அங்கேதான் அவற்றுக்குக் காப்பர் என்கிற செம்பு மருந்து. அயனி வகைக் காப்பர் என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். கீழே இறங்கினால் ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்ளும், மேலே ஏறினால் மீன் சாகும். வேறு பொருளோடு பிணைத்த, கட்டுண்ட வகைக் காப்பருக்கு அளவே வேறு, அதற்குப் பொருந்துகிற டெஸ்ட் கிட்டும் வேறு. பாட்டிலைப் படித்துவிட்டு வாங்குங்கள். தினமும் அளந்து பாருங்கள். தனிமைத் தொட்டியில் மணல், கல் எதுவும் வேண்டாம், அவை காப்பரை உறிஞ்சிவிடும். மீன் ஒளிய பிவிசி குழாய்த் துண்டு இரண்டு போதும். இறால், நத்தை, கடல் சாமந்தி இருக்கும் தொட்டியில் காப்பர் ஒரு சொட்டுகூடக் கூடாது. அப்புறம், அந்தச் சின்னத் தொட்டியில் அம்மோனியா ஏறும். காப்பரைப் பார்ப்பது போலவே அதையும் பார்க்க வேண்டும். நோயிலிருந்து தப்பிய மீன் அம்மோனியாவில் போய்விடக் கூடாது.

உப்பைக் குறைத்து, தண்ணீரின் ஒப்படர்த்தியை 1.009-க்கு இறக்கும் முறையும் வெள்ளைப்புள்ளிக்கு வேலை செய்யும். ஆனால் வந்தது வெல்வெட் என்கிற இன்னொரு ஒட்டுண்ணி நோய் என்றால் செய்யாது. வெல்வெட்டில் புள்ளி இருக்காது, பொன்தூசு படிந்தாற்போல் மங்கலாகத் தெரியும். பல நேரம் அதுகூடத் தெரியாது. மீன் வேகவேகமாக மூச்சு வாங்கும், தண்ணீரைச் சுழற்றும் பவர்ஹெட் மோட்டாரிலிருந்து தண்ணீர் வரும் பக்கம் முகத்தைக் கொடுத்தபடியே நிற்கும், வெளிச்சம் கண்டால் ஒதுங்கும். அப்படிப் பார்த்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள், எந்த இரவானாலும் அழையுங்கள். செவுளை அரித்து ஓரிரு நாளில் தொட்டியையே காலி செய்துவிடும் நோய் அது.

ஆகஸ்ட் கூட்டத்தில் நடந்த நன்னீர்க் குளியல் செய்முறை இந்த ஆண்டின் மிக நல்ல நிகழ்ச்சி என்பது என் கருத்து. கண் மங்கிய ஏஞ்சல் மீன் ஒன்றை ஓர் உறுப்பினர் கொண்டுவந்திருந்தார். உடம்பில் ஒன்றுமே தெரியவில்லை. ஆர்.ஓ. தண்ணீரில் சமையல் சோடா கலந்து, பி.எச்.சையும் சூட்டையும் தொட்டிக்குச் சமமாக்கி, ஏர் ஸ்டோன் போட்டு, மீனை உள்ளே விட்டோம். இரண்டாவது நிமிடம் அதன் விலாவில் வெள்ளை வெள்ளையாகச் செதில் போல எழும்பத் தொடங்கியது. அது செதில் அல்ல, ஃப்ளூக் என்கிற தட்டைப்புழு. கடல்நீரில் கண்ணாடி போல இருக்கும், நன்னீர் பட்டதும் வெளுத்துவிடும். ஐந்து நிமிடம் முடியும்போது வாளியின் அடியில் எள்ளளவுப் புழுக்கள் கிடந்தன. சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக மீனில் ஒன்றும் இல்லை என்று இனி யாரும் சொல்லமாட்டார்கள்.

இந்தக் குளியல் புழுவைக் குறைக்கும், ஒழிக்காது. தோலுக்கடியில் இருக்கும் வெள்ளைப்புள்ளியை அது தொடவும் செய்யாது. ஃப்ளூக்குக்கு பிராசிக்வான்டெல்தான் மருந்து, அதுவும் ஒரு வேளை போதாது. அதன் முட்டைக்கு மருந்து ஏறுவதில்லை. அதனால் குஞ்சு பொரிக்க நேரம் கொடுத்து, ஒரு வாரத்தில் மறுபடி போட வேண்டும். முட்டைகளில் நூல் போன்ற இழை இருக்கும், வலையில் சிக்கிக்கொள்ளும். ஒரு வீட்டு வலையை இன்னொரு வீட்டுத் தொட்டியில் விடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

கடைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல கடைகளில் எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே தண்ணீர்தான் சுற்றி வருகிறது. அதில் குறைந்த அளவில் காப்பர் ஓடிக்கொண்டிருந்தால் மீன் கடையில் சுத்தமாகத் தெரியும், வீட்டுக்கு வந்த பின் புள்ளி கிளம்பும். குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த க்ளவுன் மீன் என்பதற்காகவும் நம்பிவிட முடியாது. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் சி.எம்.எஃப்.ஆர்.ஐ. (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்) க்ளவுன் மீன் இனப்பெருக்க முறைகளை உருவாக்கியது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அப்படிப் பிறந்த மீனும் கடையின் பொதுத் தண்ணீரில் நான்கு நாள் நின்றால் மற்ற மீனுக்கு வருவது அதற்கும் வரும். எந்த மீனாக இருந்தாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், முதல் முப்பது நாள் தனிமைத் தொட்டியில்தான் இருக்க வேண்டும்.

இதற்கு வசதியாக, ஸ்பாஞ்ச் ஃபில்டர், உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர், காப்பர் டெஸ்ட் கிட் அடங்கிய ஒரு தொகுப்பை சங்கம் வாங்கி உறுப்பினர்களுக்கு இரவல் கொடுக்க வேண்டும் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. ஸ்பாஞ்சை ஒருவர் பயன்படுத்தியதும் தூக்கிப் போட்டுவிடலாம், மற்றவற்றை நன்னீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பின்தான் அடுத்தவருக்குத் தர வேண்டும். இரண்டாவது பரிந்துரை: நமது மீன் பரிமாற்ற நாளில், முப்பது நாள் தனிமையில் வைத்ததாக எழுதிக் கொடுக்கப்பட்ட மீன்களுக்கு மட்டுமே அனுமதி. இரண்டாவதில் சிலருக்கு மனத்தாங்கல் இருப்பது தெரியும். அவர்கள் முதலில் பேசட்டும், அதன்பின் வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்