வால்பாறைக்குக் கிளம்பும் முன்

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. பதில் போடாதது என் தப்பு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. விசாலம் அத்தை வழக்கம்போல எல்லோரையும் அதட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறார். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

ஏற்காட்டு ஓடையில் 20 தவளை பார்த்தேன், ஒன்றிலும் தவளையின் தோலைத் தாக்கிக் கொல்லும் கிட்ரிட் பூஞ்சை இல்லை, 'ஓடை சுத்தம்' என்று எழுதியிருக்கிறாய். அடுத்த வாரம் அதே வலையோடு, அந்தப் பச்சை பூட்ஸோடு, மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வால்பாறை போகிறாய். ஈர வலையிலும் பூட்ஸிலும் ஒட்டிக்கொண்டு இந்தப் பூஞ்சை ஓடை விட்டு ஓடை போகும். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

முதலில் கணக்கைப் பார். நூற்றில் 14 தவளைக்குத் தொற்று இருக்கிற ஓடையிலும், 20 பிடித்தால் இருபதும் சுத்தமாக வந்துவிடலாம். இருபது முறைக்கு ஒருமுறை அப்படி நடக்கும். நூற்றில் 5-க்குத்தான் தொற்று என்றால், 95 சதவீத உறுதியோடு ஒன்றாவது சிக்க 60 தவளை வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் 2011-ல் பதிவான பூஞ்சை இது. தொற்று அங்கே குறைவாகத்தான் இருக்கிறது. குறைவாக இருப்பதால்தான் அதிகம் தேட வேண்டியிருக்கிறது. 'சுத்தம்' என்ற சொல்லைத் தயவுசெய்து அடித்துவிடு.

நம் தவளைகள் கொத்துக்கொத்தாகச் சாகவில்லையே என்பாய், தெரியும். ஆனால் இந்தப் பூஞ்சையில் பல வம்சங்கள் உண்டு. கிழக்காசியாவில் தோன்றி, தவளை வியாபாரத்தோடு உலகம் சுற்றிய வம்சம்தான் பனாமாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஓடைகளை ஊமையாக்கியது. 2019-ல் போட்ட கணக்கில் 501 இனங்கள் சரிந்திருந்தன, 90 அழிந்தே போயிருக்கலாம். ஒரு வம்சத்தைத் தாங்குகிற தவளை அடுத்ததையும் தாங்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? ஆனைமலைப் பறக்கும் தவளைக்கு அந்த மலைகளை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

தவளை தண்ணீர் குடிப்பதும் தோலால், உடம்பு உப்பைக் காப்பதும் தோலால். பூஞ்சை அந்தத் தோலைக் கெடுக்கும்போது ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் இறங்கி இதயம் நின்றுபோகிறது. பூஞ்சை பிடிப்பது தோலிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தை. தலைப்பிரட்டைக்கு வாயில் மட்டுமே கெரட்டின் இருப்பதால் அது பூஞ்சையைச் சுமந்துகொண்டு நீந்தும். கால் முளைத்துக் கரையேறும் சமயத்தில்தான் சாகும். லென்ஸில் அதன் வாயைப் பார். அலகின் கறுப்பு விளிம்பு வெளுத்திருந்தால் குறித்துக்கொள். கடுங்குளிரிலும் வெளுக்கும் என்பதால் அதை வைத்தே முடிவு கட்டாதே.

பூட்ஸை, வலையை முதலில் பிரஷ் போட்டுத் தேய். சேறு ஒட்டியிருந்தால் ஹைப்போ, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் ப்ளீச், அதிலேயே செலவாகிவிடும், பூஞ்சைக்கு எட்டாது. லேபில் இருப்பது 4 சதவீத ஹைப்போ என்றால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர். ஒரு நிமிடம் போதும்; நான் ஐந்து நிமிடம் ஊற வைப்பேன். கரைசலை அன்றன்றைக்குக் கலக்கு. ஓடைக்குத் தள்ளி வைத்துச் செய், மிச்சத்தைத் தண்ணீரில் கொட்டினால் தலைப்பிரட்டை செத்துப்போகும். வெயிலில் போட்டால் போதும் என்று யாராவது சொல்வார்கள். கொல்வது புற ஊதாக் கதிர் இல்லை, முழுக்கக் காய்வதுதான். மழைக்காலத்து வால்பாறையில் பூட்ஸ் எங்கே காயும்?

ஒரு தவளைக்கு ஒரு ஜோடிக் கையுறை, ஒரு பை. பவுடர் இல்லாத கையுறையாக வாங்கு. தலைப்பிரட்டையைக் கையுறையால் தொடவே வேண்டாம், கையுறையில் இருக்கும் பொருளே அதைக் கொன்றுவிடலாம். தண்ணீரோடு பையில் மொண்டுகொள். தோலைத் தடவி மாதிரி எடுக்கும் ஸ்வாப்பின் குச்சி பிளாஸ்டிக்காக இருக்கட்டும், மரக்குச்சி பிசிஆரைக் (பூஞ்சையின் டிஎன்ஏவைத் தேடும் லேப் சோதனையை) கெடுக்கும். வயிற்றின் இரண்டு பக்கம், இரண்டு உள்தொடை, இரண்டு பின்னங்கால் சவ்வு, இடத்துக்கு ஐந்து இழுப்பு, மொத்தம் 30. மாணவர்களை வாய்விட்டு எண்ணச் சொல். பத்தாவது தவளைக்குமேல் கை சோர்ந்து இழுப்பு குறையும், நடுவில் யார் குறைத்தார்கள் என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. ஸ்வாப்பைப் போட்டு வைக்கும் குழாயின் லேபிளைப் பென்சிலால் எழுது, ஆல்கஹால் பட்டால் பேனா மை ஓடிவிடும். குழாய்களை ஜீப் டேஷ்போர்டு சூட்டில் மட்டும் வைத்துவிடாதே.

வனத்துறை அனுமதிக் கடிதத்தில் ஸ்வாப் எடுப்பது தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள். மீனாவைக் கேட்டதாகச் சொல். பூட்ஸைத் தேய்த்து முடித்ததும் எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
ராமு