ஏசியை நிறுத்தினால் ரீடிங் மாறும் கவுன்ட்டர்: மாற்றித் தரக் கோரி

வணக்கம் சார்,

உங்களிடம் வாங்கிய டைம் இன்டர்வல் கவுன்ட்டர் (இரண்டு பல்ஸுக்கு நடுவே உள்ள நேரத்தை அளப்பது) இன்னும் வாரண்டியில்தான் இருக்கிறது. அறை சூடானால் ரீடிங் நகர்கிறது என்று எழுதியதற்கு, ஆசிலேட்டர் (உள்ளே கடிகாரமாக ஓடும் குவார்ட்ஸ்) என்றால் அப்படித்தான் இருக்கும், அதை ஒரே சூட்டில் வைத்திருக்கும் ஓவன் வைத்த மாடலுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று விலைப்பட்டியலோடு பதில் போட்டிருக்கிறீர்கள். புகாரைப் படித்தீர்களா என்றே சந்தேகமாக இருக்கிறது.

குவார்ட்ஸ் சூட்டுக்கு அசையும், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்தப் பிழை, அளக்கும் இடைவெளி எவ்வளவு நீளமோ அதற்கேற்ப வருவது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினால் 1 விநாடிக்கு 1 மைக்ரோ விநாடி தப்பு வரும், சரி. நான் அளப்பது 100 நானோ விநாடிக்குள், அங்கே அதே தவறு 0.1 பிக்கோ விநாடிதான் (ஆயிரம் பிக்கோ ஒரு நானோ). என் ரீடிங்கோ ஏசியை நிறுத்தி அறை ஒரு பத்து டிகிரி ஏறுவதற்குள் 300 பிக்கோ விநாடி போல நகர்ந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் ஆசிலேட்டருக்குப் பதில் வெளியிலிருந்து ருபீடியம் அணுக் கடிகாரத்தின் 10 மெகாஹெர்ட்ஸைக் கொடுத்தும் அதே கதைதான்.

ஒரே பல்ஸை இரண்டாகப் பிரித்து, சம நீளக் கேபிள்களில் ஏ, பி இரண்டு உள்ளீடுகளுக்கும் கொடுத்துப் பார்த்தது இது. கேபிள் மேல் பழி போடுவீர்கள் என்று (டெஃப்லான் கேபிளின் தாமதம் 20 டிகிரியை ஒட்டிச் சட்டென்று மாறும், தெரியும்) கேபிள்களை இடம் மாற்றியும் போட்டேன், நகர்வு அதே பக்கம்தான். அப்புறம் முக்கியமானது: 300 என்பது 10 நானோ விநாடியில் 1 வோல்ட் ஏறும் பல்ஸுக்கு. 1 நானோ விநாடியில் ஏறும் பல்ஸ் கொடுத்தால் 30 ஆகச் சுருங்கிவிடுகிறது. கணக்குப் போட்டால் இரண்டுமே 30 மில்லிவோல்ட். அதாவது ஏதோ ஒரு உள்ளீட்டின் ட்ரிகர் லெவல் (எத்தனை வோல்ட்டைத் தொட்டால் பல்ஸ் வந்ததாக எடுத்துக்கொள்வது என்ற அளவு) சூட்டில் நகர்கிறது, ஹேர் டிரையரை பி பக்கம் காட்டினால் உடனே ஆடுகிறது, ஏ பக்கம் காட்டினால் அசைவே இல்லை. பல்ஸ் அந்த லெவலைத் தாண்டுவதைப் பார்க்கும் ஒரே மாதிரி இரண்டு கம்பரேட்டரில் ஒன்று மட்டும் டிகிரிக்கு 3 மில்லிவோல்ட் ஓடினால் அது பழுதில்லாமல் வேறென்ன?

ஆயிரம் ரீடிங்கைச் சராசரி எடுங்கள் என்று உங்கள் சர்வீஸ் ஆள் போனில் சொன்னார். சராசரியில் நடுக்கம் குறையும் சார், நகர்வு எப்படிக் குறையும்?

உள்ளீட்டு போர்டை மாற்றித் தாருங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள். அனுப்பும் செலவு உங்களுடையது. ட்ரிகர் லெவல் டிகிரிக்கு எவ்வளவு நகரலாம் என்பதையும் எழுத்தில் வேண்டும், டேட்டா ஷீட்டில் ஆசிலேட்டருக்கு மட்டும்தான் அது இருக்கிறது. ரீடிங்குகளை இணைத்திருக்கிறேன்.