சால்வை

அன்புள்ள செல்விக்கு,

அப்பாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மாடி வீட்டுக்கும் ஆள் வந்துவிட்டார்கள். வியாழக்கிழமை காணொளியில் பேசியபோது நீ கழுத்தைச் சுற்றிச் சால்வை போட்டிருந்தாய். புனேயில் சித்திரை மாதத்தில் குளிராது என்பது எனக்குத் தெரியும். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்ததால் கேட்கவில்லை.

கழுத்தில் அந்தச் சிவந்த இடம் தடித்திருக்கிறதா? தொட்டால் வலிக்கிறதா, முன்போல வியர்க்கிறதா? உனக்குச் சிறுவயதிலிருந்தே இருக்கும் இந்த டஃப்டட் ஆஞ்சியோமா சிலருக்குக் கர்ப்ப காலத்தில் தோன்றியதாக மருத்துவக் குறிப்புகள் உண்டு என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அது புற்றுநோயன்று, தோலுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கொத்துக்கொத்தாகப் பெருகி மெல்லப் பரவும் கட்டி, அவ்வளவுதான். ஜப்பானில் நாககாவா என்பவர் 1949-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பரம்பரையாக வருவது மிக அரிது. ஆகையால் பிள்ளையை நினைத்துக் கலங்காதே. ஆனால் மகப்பேறு மருத்துவரிடம் கழுத்தைக் காட்டு. அரிதாகச் சிலருக்கு இக்கட்டி இரத்தத் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அவற்றின் எண்ணிக்கை சரிந்து இரத்தம் உறையாமல் போகக்கூடும்; பிரசவத்துக்கு முன்பே அவர் அறிந்திருக்க வேண்டும்.

ஊசிக்கு அழாத பெண் நீ. ஆறு வயதில் பயாப்சிக்குத் தோலைக் கிள்ளி எடுத்தபோதும் என் விரலைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாய். அப்படிப்பட்டவள் இப்போது ஒரு மருத்துவரிடம் வாய் திறக்கத் தயங்குகிறாய் என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

கோபப்பட எனக்கு உரிமையில்லை. நான்கு வயதில் அந்தச் சிவப்பு தென்பட்டபோது, கிரகண மச்சம் என்று அத்தை சொன்னதை நம்பி, குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் பூசி இரண்டு ஆண்டுகளை வீணாக்கியவள் நான். பள்ளிப் படத்துக்குக் கழுத்துப் பட்டையை ஏற்றிவிட்டதும், பெண் பார்க்க வந்த அன்று பின்னலை இடப்பக்கம் இழுத்துவிட்டு, ‘அவர்களிடம் சொல்லாதே’ என்று உன் காதில் சொன்னதும் நானே. மாப்பிள்ளை தானாகப் பார்த்துக் கேட்ட நாளில் நீ எவ்வளவு கூசியிருப்பாய் என்று ஒருமுறைகூட உன்னிடம் கேட்டதில்லை. அந்தச் சால்வையை உனக்குப் போர்த்தியவள் நான்தான், செல்வி.

மருத்துவரிடம் காட்டு, தட்டணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல். பழைய பயாப்சி அறிக்கையை இத்துடன் வைத்திருக்கிறேன். மூலையில் இருக்கும் மஞ்சள் கறை என் கையிலிருந்து பட்டது, எழுத்து மறையவில்லை.

அம்மா