பாலாவுக்கு, வண்டி விஷயமாக

அன்புள்ள பாலாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அவள் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. மொட்டை மாடிக்கு ஏறுவதை நிறுத்திவிட்டாள், துணி காயப்போடுவது இப்போது என் வேலை.

போன் செய்தால் "சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதில்லை. சேகர் அண்ணன் மகன் அடுத்த வாரம் ஹூஸ்டன் திரும்புகிறான். பெட்டியில் இடம் இருக்கிறது, எது வேண்டுமானாலும் கொடுங்க மாமா என்றான். கடிதமாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். "வண்டியத் தூக்கினது தேவைதானாப்பா, இல்ல பழையபடி இறக்கிடவா?" என்று கேட்டிருந்தாய். நீ என்னிடம் யோசனை கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். வண்டியை உயர்த்தப் போடுகிற லிஃப்ட் கிட் பற்றி அவளுக்கு என்ன தெரியும், குரலைத்தான் கேட்டாள். சளி பிடித்திருக்கிறதா?

சரி, முதலில் யூ போல்ட்டைப் பார், பின் ஆக்ஸிலை ஸ்பிரிங் பட்டையோடு சேர்த்துக் கட்டிப் பிடிக்கிறதே, அது. மற்றதெல்லாம் அப்புறம்.

உன் எஃப்-150 பிக்கப் வண்டிக்குப் பின்னால் இருப்பது நம் லாரியில் இருக்கிற அதே சங்கதிதான், ஸ்பிரிங் பட்டை. முன்பக்கம்தான் வேறு. ஆறு அங்குலம் தூக்கினேன் என்கிறாய். பின்னால் புதுப் பட்டை போட்டார்களா, இல்லை ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவில் கட்டை வைத்தார்களா? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கட்டை மாதிரிதான் தெரிகிறது. கட்டை வைத்தால் யூ போல்ட்டும் நீளமாக வேண்டும். முறுக்கின அன்றைக்குக் கல் மாதிரி இருக்கும். கொஞ்ச தூரம் ஓடி, பட்டையும் கட்டையும் ஒன்றன்மேல் ஒன்று நன்றாக உட்கார்ந்ததும் இறுக்கம் விடும். 500 மைல் ஓடினதும் திரும்ப டார்க் ரெஞ்சு (இறுக்கத்தை அளந்து முறுக்குகிற ஸ்பானர்) வைத்துப் பார்க்கச் சொல்லி, கிட்டோடு வந்த தாளிலேயே பெரும்பாலும் போட்டிருக்கும். போய்க் காட்டினாயா? காட்டியிருக்க மாட்டாய்.

காட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் வாழ்க்கை முழுக்கப் பார்த்திருக்கிறேன். துறைமுகத்துக்குள் போக எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் வண்டிகளில் ஒன்றாவது அப்போதெல்லாம் நம் லாரிப் பட்டறைக்கு வரும். யூ போல்ட் தளர்ந்தால் பாரம் முழுக்க சென்டர் போல்ட் மேல் விழும். சுண்டுவிரல் தடிமன்தான் அது, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கத்தான் இருக்கிறது, ஆக்ஸிலைப் பிடிக்க இல்லை. அது வெட்டுப்பட்டதும் ஒரு பக்கம் ஆக்ஸில் பின்னால் நழுவும். அப்புறம் வண்டி நண்டு மாதிரிக் கோணலாகத்தான் ஓடும். டிரைவருக்குத் தெரியாது, பின்னால் வருகிறவனுக்குத்தான் தெரியும். கட்டை உயர உயர இன்னொரு தொந்தரவும் உண்டு. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஆக்ஸில் முறுக்கும், அந்த முறுக்கு பட்டையை எஸ் போல வளைக்கும். கிளம்பும்போது பின்னால் "தட்" என்று ஒரு சத்தம் வருகிறதா என்று கவனி. வந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

நீ இதெல்லாம் தெரியாதவனா? வண்டிக்கு அடியில் நான் படுத்துக்கொண்டு கையை நீட்டினால் போதும், கேட்பதற்குள் இருபத்திநாலு-இருபத்தேழு ஸ்பானர் கையில் வந்து விழும். அப்போது உனக்கு எட்டு வயதிருக்குமா. இன்றைக்கும் கல்மண்டபம் டீக்கடையில் உன் வண்டிப் படத்தை நான் காட்டாத ஆள் கிடையாது. இங்கே மறைமலைநகரில் 2022-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டுப் போன அதே ஃபோர்டு வண்டியில்தான் என் மகன் போகிறான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை. ஆனால் அப்படிப்பட்டவன் 7,000 டாலரைக் கொட்டும்போது ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் ரூபாயில் ஆறு லட்சத்தை ஒட்டி வருகிறது. எல்லாம் முடிந்து படம்தான் வந்தது.

இங்கேயாக இருந்தால் நீ கேட்டிருந்தாலும் நான் செய்ய விட்டிருக்க மாட்டேன். கம்பெனி கொடுத்த அளவை மாற்றக் கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. அங்கே கேட்பாரில்லை போலிருக்கிறது.

தண்ணீருக்காகத் தூக்கினேன் என்கிறாய். புரிகிறது. 2017-ல் ஹார்வி வந்து ஹூஸ்டன் மூழ்கியபோது நீ அங்கே போய்ச் சேர்ந்த புதிது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது நம் தெருத் தண்ணீரை வீடியோவில் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்றாய். ஆனால் கணக்கைப் பார். பழைய டயர் 32 அங்குலம், புது டயர் 35. ஆக்ஸில் உயர்வது அதில் பாதி, ஒன்றரை அங்குலம்தான். கிட் தூக்குகிற ஆறு அங்குலமும் ஆக்ஸிலுக்கு மேலே இருக்கிற உடம்புக்குத்தான். உடம்பு ஏழரை அங்குலம் மேலே போனது, பின் ஆக்ஸில் நடுவில் இருக்கிற பல்சக்கரப் பெட்டி, அதாவது டிஃபரன்ஷியல், கிட்டத்தட்ட அதே தண்ணீரில்தான் நிற்கிறது. காற்று இழுக்கிற வாய் உயர்ந்தது நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஓடுகிற தண்ணீரில் எந்த உயரத்து வண்டியையும் இறக்காதே. (ஏழரை என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் உடனே திருநள்ளாறுக்கு டிக்கெட் போடச் சொல்வாள்.)

மைலேஜ் விழுந்துவிட்டது என்கிறாய். விழத்தான் விழும், டயர் கனம், காற்றும் அதிகம் முட்டும். ஆனால் புது டயருக்குத் தகுந்தபடி மீட்டரைத் திருத்தினார்களா என்று கேள். திருத்தாவிட்டால் மீட்டர் 60 காட்டும்போது நீ 65-க்கு மேல் போய்க்கொண்டிருப்பாய், ஓடின மைலையும் அது குறைத்துத்தான் எண்ணும். அந்தக் கணக்கில் கொஞ்சம் நஷ்டம் பொய் நஷ்டம். பிரேக் விஷயம் பொய் இல்லை. சக்கரம் கனமாகிவிட்டது, பிரேக் டிஸ்க் பழையதுதான். முன்னால் போகிற வண்டிக்கு இடைவெளி கூட விடு.

ஸ்டீயரிங் உதறுகிறது, டயர் ஓரம் தேய்கிறது என்றாயே, அதற்கு அலைன்மென்ட் மட்டும் போதாது. முன் சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து (ஜாக்கியை மட்டும் நம்பாதே), மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார். ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங். இடது வலது பிடித்து ஆட்டினால் மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராட் எண்ட். பெரிய டயர் போட்டால் இவை சீக்கிரம் போகும். அப்படியே கையோடு யூ போல்ட்டையும் பார்த்துவிடு.

தேவைதானா என்று கேட்டாய். பண்ணை வைத்திருக்கிறவன், சேற்றிலும் பாறையிலும் ஓட்டுகிறவன் தூக்கினால் அதில் அர்த்தம் இருக்கிறது. உனக்கு வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து வீடு, எல்லாம் மேம்பாலம். உனக்குத் தேவையில்லை என்றுதான் சொல்வேன். குறை சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது.

கராஜ் கதவு ஏழு அடி, அதாவது 84 அங்குலம். உன் வண்டி 77 அங்குலம் இருந்தது, ஏழரையைக் கூட்டினால் எண்பத்துநாலரை. அரை அங்குலத்தில் இடிக்கிறது, அதனால் வெளியேதான் நிறுத்துகிறேன் என்றாய். அந்த ஊர் ஆலங்கட்டி மழைக்கு அது சரிப்படாது. அது இருக்கட்டும். கடைசியாக அனுப்பின படத்தில் வண்டிக்குப் பின்னால் மூன்று மாடிக் கட்டிடம் தெரிகிறது, நம்பர் போட்ட பார்க்கிங் இருக்கிறது. அது உன் வீட்டு வாசல் இல்லையே. யாராவது சிநேகிதன் வீடாக இருக்கும்.

அதே படத்தில் பின் சீட்டில் பாப்பாவின் சீட்டைக் காணோம். நாங்கள் வந்திருந்தபோது நீதான் சொன்னாய், எட்டு வயது ஆகிற வரைக்கும், இல்லாவிட்டால் நாலே முக்கால் அடி உயரம் வருகிற வரைக்கும், அந்த சீட்டு இல்லாமல் குழந்தையை ஏற்றவே கூடாது, டெக்ஸாஸ் சட்டம் அப்படி என்று. அவளுக்கு இன்னும் ஐந்துகூட முடியவில்லை. கழுவுவதற்காகக் கழற்றியிருப்பாய். அவளை அந்தப் பேபி ப்ளூ சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போடுவதற்குள் நான் வியர்த்துப்போவேன், நினைவிருக்கிறதா.

இன்னொன்று. படத்தில் பானட் உன் தோள் வரை வருகிறது. பாப்பா அதற்கு முன்னால் நின்றால் ஓட்டுகிறவன் கண்ணுக்கு அவள் தெரியவே மாட்டாள். கேமரா இருக்கிறது என்பாய். கேமராவை நம்பாதே. கிளம்புவதற்கு முன் இறங்கி ஒரு சுற்று வந்துவிட்டு ஏறு. லாரி டிரைவர் சக்கரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சுற்றி வருவது பழக்க தோஷம் என்றா நினைத்தாய்?

ரேவதி எப்படி ஏறுகிறாள் அதில்? புடவையில் ஏற முடியாது. பக்கவாட்டில் படி வைக்கச் சொன்னாளா, வேண்டாம் என்றாளா? முன்பெல்லாம் நீ பேசும்போது பின்னால் அவள் குரலும் கேட்கும், "மாமா, அத்தை மாத்திரை போட்டாங்களா" என்று ஒரு சத்தமாவது வரும். வேலை அதிகமாக இருக்கும். சம்பந்தி அம்மாவைப் போன வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயிலில் பார்த்தோம். பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரிப் பக்கத்து வரிசைக்குப் போய்விட்டார். கண் பரிசோதனை செய்து ரொம்ப நாள் ஆகிறது போலிருக்கிறது. அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. தாம்பரத்து விஷயத்துக்கு அப்புறம் அவளுக்கு எதைப் பார்த்தாலும் பயம், உனக்குத்தான் தெரியுமே.

நான் வண்டியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

இறக்குவதா வேண்டாமா என்று கேட்டாய் இல்லையா. கழற்றின பழைய ஸ்பிரிங், ஷாக், டயர் எல்லாம் கையில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது. இருந்தால் கூலியும் அலைன்மென்ட்டும்தான் செலவு. முன்னால் டிஃபரன்ஷியலைத் தாழ்த்திப் பிராக்கெட் வைத்திருந்தால் அதைத் திருப்புவது பெரிய வேலை, சில கிட்டில் பிரேமில் ஓர் இடத்தை வெட்டியே இருப்பார்கள், அதைக் கேட்டுத் தெரிந்துகொள். பழைய சாமான் இல்லை என்றால் அவசரப்பட்டு இன்னொரு செலவு வைக்காதே. விற்பதற்காக இறக்குகிறாயா? அதைச் சொல்லவில்லையே நீ. பணத்துக்குச் சிரமம் என்றால் எனக்குச் சொல். பட்டறையை விட்டபோது வந்ததில் இன்னும் கொஞ்சம் பேங்கில் அப்படியே கிடக்கிறது. அதைத் தொடக் கூடாது என்று உன் அம்மா சொல்வாள், ஆனால் முதலில் தொடச் சொல்வதும் அவளாகத்தான் இருக்கும்.

இங்கே விசேஷம் என்றால், எதிர் வீட்டை ஜாக்கி வைத்து நாலடி தூக்கிவிட்டார்கள். ரோடு போடுகிறவன் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, நம் தெரு வாசல் எல்லாம் பள்ளமாகிவிட்டதல்லவா. சுவரைச் சுற்றி நூற்றுக்கணக்கில் ஜாக்கி, ஒருத்தன் குரல் கொடுக்க எல்லாரும் ஒரே நேரத்தில் திருகுகிறார்கள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். இனிமேல் தண்ணீர் வராது. ஆனால் அந்த வீட்டுப் பாட்டி வாசலுக்கு வருவதை விட்டுவிட்டாள், படி கூடிப்போச்சு. நம் வீட்டையும் தூக்கலாமா என்று கேட்டார்கள். அம்மா முட்டியை நினைத்து வேண்டாம் என்றுவிட்டேன்.

சேகர் அண்ணன் மகனிடம் காசிமேட்டு நெத்திலிக் கருவாடு, அம்மா போட்ட வெங்காய வடகம், ரேவதிக்குப் பிடித்த பருப்புப் பொடி கொடுத்து அனுப்புகிறேன். பொடியை அவள் கையில் கொடு. சூடு சோற்றில் போட்டுச் சாப்பிட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை, அவளுக்குத் தெரியும். யூ போல்ட்டை ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துவிட்டு எனக்கு ஒரு படம் அனுப்பு.

பாப்பாவுக்குப் பிறந்த நாளுக்கு எம்.சி. ரோட்டில் பட்டுப் பாவாடை சட்டை எடுத்துத் தைக்கக் கொடுக்கப் போகிறோம். அம்மா துணிகூடப் பார்த்துவைத்துவிட்டாள், மாம்பழ மஞ்சளில் பச்சை பார்டர். அளவு வேண்டும். இடுப்பு, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை உயரம், தோள், கை. நீ அளந்தால் தப்பாக அளப்பாய். பாப்பாவை ரேவதி அளக்கட்டும், அவளையே அம்மாவுக்குப் போன் செய்து சொல்லச் சொல். தையற்காரர் பதினைந்து நாள் முன்னால் கேட்கிறார்.

இப்படிக்கு,
அப்பா
பழைய வண்ணாரப்பேட்டை