வேதியியல் படிக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். சில வாரங்களாக நீ குழந்தையின் பள்ளியைப் பற்றியும் அங்குள்ள குளிரைப் பற்றியும்தான் பேசுகிறாய்; கல்லூரிப் பேச்சை நான் எடுத்தால், உடனே போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். இதைக் குறையாகச் சொல்லவில்லை.

உன் சித்தப்பா போன மாதம் வந்திருந்தபோது, நீ படிக்கும் கல்லூரியைப் பற்றி, "கம்யூனிட்டி காலேஜ் என்றால் நம்மூர் பாலிடெக்னிக் மாதிரியா?" என்று கேட்டார். கலிபோர்னியாவில் இரண்டாண்டுகள் அங்கே படித்தவர்கள் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டிலேயே சேரலாம் என்றும், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ், இர்வைன் உள்ளிட்ட ஆறு வளாகங்கள் தகுதி பெற்றவர்களுக்கு முன்கூட்டியே இடத்தை உறுதி செய்கின்றன என்றும் விளக்கி அவர் வாயை அடைத்தேன். பாடங்களை அளக்கும் யூனிட் ஒன்றுக்குக் கட்டணம் 46 டாலர்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. மலிவானதெல்லாம் மட்டம் என்று நினைக்கும் ஆள் அவர்.

பொது வேதியியலில் பெரும்பாலோர் இடறுவது மோல் கணக்கில்தான். டஜன் மாதிரி, மோல் என்பது துகள்களை எண்ணும் ஓர் அளவு. நான் பாடம் எடுத்த காலம் முழுவதும் பார்த்தது இது. கிராமை நேராக ஒப்பிடாதே. முதலில் மோலாக மாற்று. 10 கிராம் ஹைட்ரஜனும் 64 கிராம் ஆக்சிஜனும் கொடுத்தால், எடை அதிகமாக இருப்பதால் ஆக்சிஜன்தான் மிஞ்சும் என்று தோன்றும். ஆனால் ஒரு மோல் ஹைட்ரஜன் 2 கிராம், ஒரு மோல் ஆக்சிஜன் 32 கிராம்; கையில் இருப்பது 5 மோல் ஹைட்ரஜன், 2 மோல் ஆக்சிஜன். ஒரு மோல் ஆக்சிஜனுக்கு 2 மோல் ஹைட்ரஜன் வேண்டும் என்பதால் ஆக்சிஜனே முதலில் தீர்ந்துபோய், 72 கிராம் நீர் உண்டாகி, 2 கிராம் ஹைட்ரஜன் மிஞ்சும். ஆய்வகத்திலும் அவசரப்படாதே. பிளஸ் டூ செய்முறைத் தேர்விலேயே, கரைசலைத் துளித்துளியாக விடும் பியூரெட்டைத் தாராளமாகத் திறந்துவிடுகிறவள் நீ.

பொழுது போகாமல் அங்குள்ள கல்லூரி விதிகளைப் படித்துப் பார்த்தேன். குறிப்பிட்ட தேதிக்குள் ஒரு பாடத்திலிருந்து விலகினால் மதிப்பெண் பட்டியலில் விலகல் என்பதற்கான 'டபிள்யூ' என்றுதான் விழுமாம். அது சராசரியைக் குறைப்பதில்லை. ஆனால் ஒரே பாடத்தில் வழக்கமாக மூன்று முறைதான் சேர முடியும், விலகிய முறையும் அந்தக் கணக்கில் வந்துவிடும். பொதுவாகத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன், உன்னைக் கேட்கவில்லை.

வீட்டையும் குழந்தையையும் பார்த்துக்கொண்டு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? அதே துணிவோடு பேராசிரியரின் அறைக்கும் போகலாம் அல்லவா? ஆபீஸ் ஹவர்ஸ் என்று சந்தேகம் கேட்பதற்கென்றே நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். நம்மூரில் ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டாலே திட்டு விழும் என்று பொருள். அந்தப் பயத்தை அங்கேயும் சுமந்துகொண்டு போகாதே. எடுத்ததும் மோலாக மாற்று, மறவாதே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கோவிலுக்குப் போய்விடுவாள். அப்போது உனக்குச் சனிக்கிழமை மாலையாக இருக்கும். மோல் கணக்கைத் தவிர வேறு எதைச் சொல்வதாக இருந்தாலும் அந்த நேரத்தில் அழை. வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா